வியாழக்கிழமை டப்பா

தேனியில் என் தம்பி மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரம் முழுவதற்கும் சமைத்து வைத்துவிடுகிறாள். சாம்பார், கூட்டு, கோழிக் குழம்பு என்று வகைக்கு ஒரு கண்ணாடி டப்பா. டப்பாவின் மேல் அச்சடித்த சீட்டு. எல்லாவற்றையும் ஃப்ரீசரில் அடுக்கிப் படம் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். நம் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று ஒரு பெரியப்பா எழுதியிருந்தார். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. பொறாமை என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் அது அந்தப் பெண்மேல் வந்த பொறாமை இல்லை. மிகவும் பழைய சரக்கு.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெருவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இருந்த காலம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு நாள், கிழமை குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அது அந்த வருடம்தான் தொடங்கியது. அதனால் தேதி தவறினாலும் கிழமை தவறாது என்று நம்பிப் படிக்கலாம்.

வீரபாண்டித் திருவிழா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நேரம். நான் ஆறாம் வகுப்பு, தம்பி இரண்டாம் வகுப்பு. சின்னமனூரில் வாடகை வீடு. அப்பா பஸ் கண்டக்டர். பல வருடம் காத்திருந்த அம்மாவுக்கு அந்த ஆனி மாதம்தான் ஆசிரியை வேலை வந்தது. ஆனால் வந்தது மேகமலை மேல் இருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு. இரண்டு வருடம் மலையில் பார்த்துவிட்டால் கீழே மாறுதல் கேட்கலாம் என்றார்கள். அதற்குள் விட்டால் வேலை போனது போனதுதான். அம்மா திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவாள், சனிக்கிழமை பொழுது சாயும்போது இறங்குவாள். அந்தப் பாதையில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், தினம் போய் வருகிற பாதை இல்லை அது.

அம்மா இல்லாத ஐந்து நாளும் நாங்கள் என்ன சாப்பிடுவது என்பதற்காக வந்ததுதான் அந்த ஃப்ரிட்ஜ். மாற்றலாகிப் போன ஒரு எஸ்டேட் அதிகாரி விற்றுவிட்டுப் போனது. பழுத்த வெண்ணெய் நிறம். கதவு இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். உள்ளே மேல்பக்கம் ஒரு தலையணை நுழைகிற அளவு ஃப்ரீசர். அந்தத் தலையணை இடத்துக்குள் ஐந்து நாளுக்கான குழம்பு, கூட்டு என்று அத்தனை வெஞ்சனத்தையும் அடைக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

பால் கவர்தான் அந்த வழி. வாரம் முழுக்க வரும் கவர்களை ஒரு மூலையில் மட்டும் வெட்டிப் பால் ஊற்ற வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. கழுவிய கவர்கள் அடுப்படிக் கொடியில் கவ்விகளோடு தொங்கும். எவ்வளவு கழுவினாலும் லேசாக ஒரு பால் வாடை இருக்கும். ஆறிய குழம்பைப் புனல் வைத்து அதில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி, நூலால் கட்டி, அலுமினியத் தட்டில் படுக்கப் போடுவாள். மறுநாள் பார்த்தால் ஒவ்வொன்றும் ஸ்லேட்டுப் பலகை மாதிரி இறுகியிருக்கும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். நூலுக்குக் கீழே பழைய பரீட்சைத் தாளில் கிழித்த துண்டு. அதில் பென்சிலால் கிழமை எழுதியிருக்கும். நான் கிழமைகளைக் கவனிக்கத் தொடங்கியது அந்தத் துண்டுகளால்தான்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் ஆறு மணிப் பூசை முடிந்து வந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகுவாள். விறகடுப்பு ஒன்று, மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. பருப்பை ஒரே தடவை வேகவைத்து மூன்றாகப் பிரிப்பாள்: ஒன்று சாம்பாருக்கு, ஒன்று கூட்டுக்கு, ஒன்று கீரைக்கு. வெங்காயமும் ஒரே தடவைதான் வதங்கும். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி ஊறும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். குழம்பு எல்லாம் கெட்டியாக, கரண்டி நிற்கிற பதத்தில் இருக்கும். தண்ணியை எதுக்கு உறைய வைக்கணும், அதைத்தான் சூடு பண்ணும்போது குழாயில பிடிச்சுக்கிறலாமே என்பாள். கொதிக்கும் சட்டியை அகலமான பேசினில் தண்ணீர் விட்டு அதில் இறக்கி ஆறவைப்பாள். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பானதும் அதிலேயே தம்பியைக் குளிப்பாட்டுவாள். எதுவும் வீணாகாது. சோறு மட்டும் அன்றன்றைக்கு அப்பா வடிப்பார், அவர் இல்லாத நாள் நான்.

எலும்பு கவரைக் குத்திவிடும் என்பதால் கறி மட்டும் எவர்சில்வர் டப்பாவில் போகும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது, கோயில் வழக்கம். ஆகவே அதற்கு முந்தின நாள் டப்பா எப்போதும் கறி டப்பா. விலை குறைவு என்பதால் பெரும்பாலும் குடல். வியாழக்கிழமை டப்பா என்று சொன்னாலே தம்பிக்கு எச்சில் ஊறும். பள்ளியிலிருந்து வந்ததும் அதை எடுத்து வெளியே வைத்து, உருகுகிறதா என்று கரண்டியால் தட்டித் தட்டிப் பார்ப்பான். கல்லைத் தட்டுகிற சத்தம் கேட்கும்.

சமையல் நேரம்தான் அம்மா பேசுகிற நேரம். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற அம்மா, அந்த ஒரு நாளிலும் கையால் எங்களுக்குச் சமைத்துக்கொண்டு வாயால் மலையைப் பற்றியே பேசினாள். அதில் அடிக்கடி வரும் ஒரு பிள்ளை. தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். அதன் அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவதால் மத்தியானம் என் அம்மாவோடுதான் சாப்பிடும். அம்மா தனக்கென்று ஒரு கை அரிசி போட்டு ரசம் வைப்பாளாம், இதற்கும் சேர்த்து ஒரு கை. சுடுசோத்தக் கண்டா அதுக்குக் கண்ணு விரியுதுப்பா என்று அப்பாவிடம் சொல்லுவாள். குளிரில் விரல் விறைத்து அதற்குத் தலை பின்ன வராது, நான்தான் பின்னி விடுறேன் என்பாள்.

எனக்குத் தலை பின்னிவிட்டது எதிர்வீட்டு அத்தை. அத்தை என்றால் உறவில்லை, தெரு முறை. கையில் வெங்காய வாசம் அடிக்க, இறுக்கி இழுத்துப் பின்னுவாக. பின்னும்போதெல்லாம் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லுவாக: பிள்ளைகளுக்கு ஐஸ்கட்டியப் போட்டுட்டு ஊராம் பிள்ளைக்குச் சுடச்சுடப் போடுறா. நான் அதை எதிர்த்துப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளை கொடுத்துவிட்டதாக அம்மா ஒரு மடி கொய்யாப்பழம் கொண்டுவந்தாள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தம்பி எல்லாவற்றையும் தின்று தீர்த்தான். அதற்காக அவன்மேலும் கோபம்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்து, காலாண்டுத் தேர்வு வந்தது. அதற்கு முந்தின வாரம் அப்பா தன் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "இந்தப் பெட்டி ஓடுறதாலதான்யா குடும்பம் ஓடுது. இது நின்னுச்சுன்னா அவ வேலைய விட்டுட்டு வந்துர வேண்டியதுதான்." அப்பா வருத்தமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் அதை ஒரு செய்முறையாகக் கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. அன்று தமிழ் இரண்டாம் தாள், அதனால் கிழமையில் சந்தேகமே இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன், யாரும் இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் ஒரு திருகு இருந்தது, ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டு. ஏழுக்கு அந்தப் பக்கம் திருப்பினால் பூஜ்யம். திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், பிறகு உறுமல் நின்றது. அந்தப் பெட்டி அத்தனை நாளும் அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது நின்ற பிறகுதான் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடிப்பதுகூடக் கேட்டது.

செவ்வாய்க்கிழமைப் பலகையை நான்தான் சுடவைத்தேன், புதன்கிழமையும் நானே. உருகி வடிந்த தண்ணீரை யாரும் பார்க்காமல் பழைய துணியால் துடைத்துப் பிழிந்தேன். என் கணக்கு இதுதான்: வியாழன் சாயங்காலம் அப்பா டப்பாவைத் திறப்பார், நாற்றம் அடிக்கும், பெட்டி நின்றுவிட்டது என்று தெரியும், முதல் பஸ்ஸில் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவார். யாரும் அதைச் சாப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நான் என் பக்கம் நியாயம் சேர்ப்பதற்காகச் சொல்வதாக நினைத்தாலும் சரி.

வியாழக்கிழமை கண்டுபிடிக்கிற நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் நூலகத்துக்குப் போய்விட்டேன். அப்பாவோ மாற்றுக் கண்டக்டர் வராததால் குமுளி டிரிப்புக்கே மறுபடி ஏறிவிட்டார். இது எனக்குத் தெரியாது. ஐந்தரைக்கு நான் வந்தபோது தம்பி அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் டப்பா. விரலை வழித்து நக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னைக்கு ஐஸே இல்லக்கா. நேரா கரண்டியப் போட்டுட்டேன்."

டப்பாவை வாங்கி மோந்தேன். புளித்த, முகத்தைத் திருப்ப வைக்கிற வாடை.

"ஏலே, நாத்தம் அடிக்கலையாலே?"

"குடல்னா நாத்தந்தான்க்கா அடிக்கும்" என்றான், தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போல.

நான் செய்த முதல் காரியம் திருகைப் பழைய எண்ணுக்குத் திருப்பியது. தம்பிக்கு என்ன ஆகும் என்று யோசித்தது அதற்குப் பிறகுதான். பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. அவன் இரவு எட்டு மணிக்கு வாந்தி எடுக்கத் தொடங்கினான். அப்பா வந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

முதல் பஸ்ஸில் தகவல் போய், அம்மா வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் ஒரு எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கினாள். செருப்பு முழுக்கச் செம்மண். தம்பி கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் சுண்டி, உதடு வெடித்துக் கிடந்தான். அம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத் துணியால் உதட்டை ஒற்றினாள். பேசியது எதிர்வீட்டு அத்தைதான். செத்த சோத்தப் பெட்டியில வைக்காதன்னு அன்னைக்கே சொன்னேனே, கேட்டாளா என்று வார்டில் இருந்த எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாக.

அப்பா மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு. வேலையா, பிள்ளைகளா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். தம்பியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்துக்கு அடியில், அம்மா இப்போது சொல்லப் போகிற பதிலுக்காகக் காத்திருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் நினைத்தது நடக்கப் போகிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும்தான சாப்ட்ட? உனக்கு ஒண்ணும் செய்யலையா ஆத்தா?"

சாப்பிடவில்லை என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அந்த ஏனுக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். "அப்ப சாப்பாட்டுல கோளாறு இல்ல. இவன் வயிறுதான் தாங்கல. இவன நான் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன், என் பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும். இவ இருந்துக்கிருவா. இவளுக்குக் கல்லத் தின்னாலும் செரிக்கும்."

அத்தைகூட அதை ஒத்துக்கொண்டாக. ஆமா, அது கெட்டிக்காரப் பிள்ளை என்றாக. அப்பா என் தலையைத் தடவினார். எனக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு பெயர் வாங்கித் தந்ததில்லை. அழுகை வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை அழக் கூடாது என்பதால் விழுங்கிவிட்டேன்.

சனிக்கிழமை அப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் பெட்டியின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார், ஒரு ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார், கேஸ் லீக் என்றார். புதுக் கேஸ் அடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் காரணத்தைச் சந்தேகப்பட்டதில்லை. பெரியவர்கள் அவரவருக்குத் தெரிந்த ஒரு குற்றவாளியைப் பிடித்துக்கொண்டார்கள்: மெக்கானிக்குக் கேஸ், அத்தைக்கு அம்மா, அம்மாவுக்குத் தம்பியின் வயிறு. பதினோரு வயதுப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதற்கு அவள் தலையாட்டியதை வைத்து ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். இன்றைக்கு யோசித்தால், அம்மாவுக்கு அந்தத் தலையாட்டல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று புரிகிறது. வேலையை விடாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி, என் வயிறு நன்றாக இருப்பதுதான்.

ஞாயிறு வந்தது. அம்மா இரண்டு பேருக்கு மட்டும் சமைத்தாள். பலகைகள் சிறுத்துவிட்டன. ஃப்ரீசரில் காலி இடம் தெரிந்தது. குடல் வாங்கவே இல்லை. திங்கட்கிழமை தம்பி அப்பாவின் பழைய ஸ்வெட்டருக்குள் முழங்கால் வரை மூடிக்கொண்டு பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். வண்டி கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கத்தினான்: "அக்கா, இனிமே டப்பா பூராம் உனக்குத்தான்." அவன் எனக்கு ஒரு பெரிய சொத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் நினைத்திருப்பான்.

பிறகு ஒன்றேமுக்கால் வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கன்னம் சிவந்து இறங்கினான். அங்கன காட்டுமாடு பள்ளிக்கூட வாசல்ல நின்னுச்சு என்பான். அங்கன அட்டை கடிச்சா உப்ப வைக்கணும் என்பான். அந்த லைன் வீட்டுப் பிள்ளை ஓடையைக் கடக்கும்போது அவனை முதுகில் தூக்கிக்கொள்ளுமாம். மத்தியானம் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து, சட்டியிலிருந்து நேராக, ஆவி முகத்தில் அடிக்க அடிக்கச் சாப்பிடுவார்களாம். அவன் சொல்லச் சொல்ல நான் பலகைகளுக்குத் துண்டு எழுதிக்கொண்டிருப்பேன். திங்கள், செவ்வாய், புதன். அதுவரை ஒரு பிள்ளைமேல் இருந்த பொறாமை இரண்டு பிள்ளைகள்மேல் ஆனது. அதைச் செய்துகொண்டது நானே என்பதால் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

இரண்டு வருடம் முடிந்து அம்மாவுக்கு மாறுதல் கிடைத்தது. குச்சனூர்ப் பக்கம் ஒரு பள்ளி. தினமும் வீட்டுக்கு வந்தாள். ஆனால் வீட்டில் யாருக்குப் பசி எடுத்தாலும் அம்மா முதலில் தம்பி முகத்தைத்தான் பார்த்தாள். என்னைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. கல்லத் தின்னாலும் செரிக்கும் என்ற பேச்சு என் கல்யாணப் பந்தியில் வந்தது, என் முதல் பிரசவத்தின்போது வந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா யாரோடு இருப்பது என்ற பேச்சு வந்தபோதும் வந்தது. எனக்கென்ன, நான் எப்படியும் இருந்துகொள்வேன். அம்மா தம்பி வீட்டுக்குப் போனாள்.

போன ஞாயிறு நானும் தேனிக்குப் போயிருந்தேன். தம்பி மகள் டப்பாக்களைத் திறந்து திறந்து காட்டினாள். சாப்பிடும்போது தம்பி எனக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டு அவனே பதிலும் சொன்னான்: அக்காவுக்குப் பழசே போதும், கல்லத் தின்னாலும் செரிக்கும். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட, அம்மாவும் நானும் பின்கட்டில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஒரு காதுதான் கேட்கும். நான் அந்தக் காதுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து சொன்னேன். திருகைத் திருப்பியது, தண்ணீரைத் துடைத்தது, நான் சாப்பிடவே இல்லை என்பது, எல்லாவற்றையும்.

இவ்வளவு வருடத்தில் அம்மா என்ன சொல்லுவாள் என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். திட்டுவாள், அல்லது அழுவாள், அல்லது எனக்கு அப்பவே தெரியும் என்பாள். மூன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

அம்மா கையிலிருந்த காயை உரிக்காமல் மடியில் போட்டாள்.

"அப்ப அன்னைக்குப் பொழுதுக்கு நீ என்னதான் சாப்ட்ட?"

இது அந்த மூன்றிலும் இல்லாத கேள்வி.

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"மறுநாளு?"

"மறுநாளுதான் நீ வந்துட்டியே."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் மொச்சைத் தோலின் பச்சை வாசம். ஹாலிலிருந்து தம்பி சத்தமாகக் கேட்டான், அங்கன ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறீக என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"இதுல உனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீ டிவியப் பாரு."